நேரப் பட்டியலும் பிறர் ஹக்கும்

நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்த சிறு நிகழ்ச்சியைச் சொல்லி இக்கட்டுரையைத் தொடங்குகிறோம்.

அந்த வீட்டுப் பிள்ளை நன்கு படித்தவர். நல்ல உத்தியோகத்தில் இருப்பவர். ஐவேளைத் தொழுகையைத் தவறவிடாதவர். அலுவலக வேலை, மேற்படிப்பு, குர்ஆன் ஓதுதல், உடற்பயிற்சி எல்லாவற்றையும் ஒரு நாளுக்குள் அடக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தவர், நண்பர் ஒருவர் சொல்லக் கேட்டு நேரத்தை ஒழுங்கு செய்யும் முறை ஒன்றைக் கைக்கொண்டார். சுபுஹு முதல் படுக்கைக்குப் போகும் வரை ஒவ்வொரு அரை மணிக்கும் ஒரு வேலை எழுதப்பட்டது. முடிந்த வேலைக்கு ஒரு கோடு. இரண்டே மாதத்தில் நெடுநாள் நிலுவையில் கிடந்த வேலைகளெல்லாம் தீர்ந்தன. வீட்டாருக்கும் மகிழ்ச்சி.

ஒரு நாள் மாலை அவருடைய உம்மா அறை வாசலில் வந்து நின்று, "தம்பி, ஒரு விஷயம் சொல்லணும்" என்றார். "ஒன்பது மணிக்கு மேலே பேசலாம் உம்மா, இப்போ வேலை இருக்கு" என்றார் மகன். மரியாதையாகத்தான் சொன்னார், குரலை உயர்த்தவுமில்லை. ஒன்பது மணிக்கு அவர் எழுந்து வந்தபோது உம்மா உறங்கிவிட்டிருந்தார். மறுநாளும் அதே கதை. காலையில் எழும்போதெல்லாம் உம்மாவுக்குத் தலை சுற்றுகிறது என்பதும், ஒரு முறை அடுப்படியில் விழப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்பதும் மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு ராத்தா சொல்லித்தான் மகனுக்குத் தெரிய வந்தது.

அல்ஹம்துலில்லாஹ், மருத்துவரிடம் காட்டி உம்மா நலமடைந்துவிட்டார். ஆனால் அந்த மகன் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார்: "அந்த மூன்று நாளும் என் பட்டியலில் ஒரு வேலைகூட விடுபடவில்லை. எல்லாவற்றுக்கும் கோடு போட்டிருக்கிறேன். அப்படியானால் நான் எந்த இடத்தில் தவறினேன்?"

இக்கேள்வியும் இதனோடு சேர்ந்த வேறு சில ஐயங்களும் இன்று பல வீடுகளில் எழுகின்றன. நேரத்தை ஒழுங்குபடுத்தப் புத்தகங்கள் வருகின்றன. கைப்பேசியில் செயலிகள் வந்துவிட்டன. நம் பிள்ளைகள் அவற்றை ஆர்வத்தோடு எடுக்கிறார்கள். சிலர் ஒரு வாரத்தில் விட்டுவிட்டு மனம் நோகிறார்கள். இவற்றை ஏற்கலாமா, ஏற்றால் எந்த அளவுக்கு, எந்த நிய்யத்தோடு என்பதை ஒவ்வொன்றாகச் சிந்திப்போம்.

இம்முறைகள் யாவை?

முதலில், பேசப்படும் பொருளை அறிந்துகொள்வோம். அமெரிக்கப் பொறியாளர் ஃப்ரெடரிக் டெய்லர் 1911இல் வெளியிட்ட நூலில், தொழிற்சாலையில் ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதைக் கடிகாரம் வைத்து அளந்து வேலையைத் திருத்தும் வழியைக் கூறினார். அது முதலாளி தொழிலாளியின் நேரத்தை அளந்தது. பின்னர் மனிதன் தன் நேரத்தைத் தானே அளக்கத் தொடங்கினான். இத்தாலியில் 1980களின் பிற்பகுதியில் ஃபிரான்செஸ்கோ சிரிலோ என்ற மாணவர் தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தைத் திருகி வைத்து, 25 நிமிடம் படிப்பது, 5 நிமிடம் ஓய்வது என்று ஒரு வழக்கத்தை உண்டாக்கினார். 2001இல் டேவிட் ஆலன் என்ற அமெரிக்கர் எழுதிய நூல் வேறொரு வழியைக் காட்டியது. நினைவில் கிடந்து உறுத்தும் எல்லா வேலைகளையும் தாளில் இறக்கி வைக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் முடிவதை உடனே முடித்துவிட வேண்டும். மற்றவற்றுக்கு அடுத்த படி என்னவென்று எழுத வேண்டும். வாரம் ஒரு முறை முழுப் பட்டியலையும் பார்வையிட வேண்டும் என்பது அதன் சாரம்.

இவற்றில் நன்மை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மறதியால் கடனைத் திருப்பித் தராமல் இருப்பதும், வாக்களித்த நாளைத் தவறவிடுவதும், நோயாளியைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போகாமல் இருப்பதும் சிறு குற்றங்களல்ல. ஒரு குறிப்பேடு இவற்றிலிருந்து காக்குமானால் அக்குறிப்பேடு நல்லதே.

இது நம்முடைய வழிதானா?

பிறர் கண்ட முறையை நாம் எடுத்துக்கொள்வதா என்று சிலர் தயங்குகிறார்கள். ஒரு நாளைப் பங்கிட்டு நடத்துவதும், இரவில் தன்னைத் தானே கணக்குக் கேட்பதும் நம் முன்னோருக்குப் புதியவையல்ல. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா உலூமித்தீன்' நூலின் நாற்பது பாகங்களில் பத்தாம் பாகத்தை அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் பகற்பொழுது ஏழு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் உரிய அமல்கள் கூறப்படுகின்றன. 38ஆம் பாகமோ தன்னைத் தானே கண்காணிப்பதையும் கணக்குக் கேட்பதையும் பற்றியது. வியாபாரி தன் கூட்டாளியிடம் முதலில் நிபந்தனை பேசுகிறான்; பிறகு அவனைக் கவனித்து வருகிறான்; முடிவில் உட்கார்ந்து வரவு செலவு பார்க்கிறான். அவ்வாறே மனிதன் தன் நஃப்ஸோடு காலையில் நிபந்தனை பேசி, பகலில் கண்காணித்து, இரவில் கணக்குப் பார்க்க வேண்டும் என்று இமாமவர்கள் விளக்குகிறார்கள். கடை வைத்து வாழும் நம் மக்களுக்கு இந்த உவமை எளிதில் விளங்கும். இரவு கடை அடைத்தபின் கல்லாவை எண்ணாமல் வீட்டுக்குப் போகிற வியாபாரி உண்டா?

அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரத்தில் அச்சுக்கூடம் நடத்திய பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் (1706–1790) என்பவரும் இத்தகைய கணக்கு வைத்தவர். பதின்மூன்று நற்குணங்களை எழுதி, ஒவ்வொரு நாளும் எதில் தவறினோமோ அதற்கு நேரே கரும்புள்ளி வைத்து வந்தார். இன்று என்ன நன்மை செய்யப் போகிறேன் என்று காலையிலும், என்ன நன்மை செய்தேன் என்று மாலையிலும் தன்னைக் கேட்டுக்கொள்ளும் வழக்கமும் அவருடைய கால அட்டவணையில் இருந்தது. யார் முந்தி, யார் பிந்தி என்ற போட்டி நமக்கு வேண்டியதில்லை. நல்ல கருவி எவர் கையிலிருந்து வந்தாலும் அதை எடுத்துக்கொள்ளலாம். எதை வெட்டுவதற்காக எடுக்கிறோம் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

திட்டமிடுவது தவக்குலுக்கு மாற்றமா?

"நாளை நடப்பதை அல்லாஹ் அறிவான், நாம் ஏன் நாளைக்கு எழுதி வைக்க வேண்டும்?" என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்டுவதா, அவிழ்த்து விட்டுவிட்டுப் பொறுப்புச் சாட்டுவதா என்று ஒருவர் கேட்டபோது, கட்டிவிட்டுப் பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் கூறியதாகத் திர்மிதியில் வரும் செய்தியை அறியாதவர் இல்லை. எழுதி வைப்பதும் ஒட்டகத்தைக் கட்டுவதைப் போன்றதே.

ஆனால் கட்டிய கயிற்றையே நம்பி இருந்துவிடக் கூடாது. 'அல்லாஹ் நாடினால்' என்று சேர்க்காமல் எதைப் பற்றியும் நாளை செய்வேன் என்று சொல்ல வேண்டாம் எனத் திருக்குர்ஆனின் 18ஆம் அத்தியாயமான கஹ்ஃபு கற்பிக்கிறது. நம்மில் பலர் இன்ஷா அல்லாஹ் என்பதை வேலையைத் தட்டிக்கழிக்கும் சொல்லாக ஆக்கிவிட்டோம். உண்மையில் அது மனிதன் தன் அளவை ஒப்புக்கொள்ளும் சொல். கனடா நாட்டு உளவியல் ஆய்வாளர்கள் 1994இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்குச் சான்றாக நிற்கிறது. பட்டப்படிப்பின் இறுதிக் கட்டுரையை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று மாணவர்களைக் கேட்டார்கள். அவர்கள் மதிப்பிட்டது சராசரியாக 34 நாள். உண்மையில் எடுத்துக்கொண்டதோ 55 நாள் அளவில். தன் சொந்த வேலையைப் பற்றிக்கூட மனிதனுடைய கணிப்பு இவ்வளவு பிழைபடுகிறது. ஆகவே பட்டியல் எழுதுகிறவர் இன்ஷா அல்லாஹ் என்பதை நாவால் சொல்வதோடு, தாளிலும் கொஞ்சம் வெற்றிடம் விட்டு எழுதட்டும். இடமே இல்லாமல் நிரப்பப்பட்ட நாள், 'எல்லாம் என் கையில்தான்' என்று சொல்லாமல் சொல்கிற நாளாகும்.

தொடங்கியது நிலைக்கவில்லையே?

முதல் நாள் பத்து உறுதிமொழிகள். நான்காம் நாள் ஒன்றுகூட இல்லை. பிறகு, நான் எதற்கும் லாயக்கில்லாதவன் என்ற சோர்வு. இது பலருடைய அனுபவம்.

அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் வாலிபத்தில் நாள்தோறும் நோன்பு நோற்று, இரவெல்லாம் நின்று வணங்கி வந்தார்கள். செய்தி அறிந்த நாயகம் (ஸல்) அவர்கள் மாதத்தில் மூன்று நோன்பு போதும் என்று இலேசாக்கினார்கள். அவர் இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும் என்று கேட்கக் கேட்க, ஒருநாள் விட்டு ஒருநாள் நோற்கும் தாவூது நபியின் (அலை) நோன்புவரை அனுமதித்து, அதற்கு மேல் வேண்டாம் என்று நிறுத்தினார்கள். முதுமையில் உடல் தளர்ந்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் தந்த சலுகையை அன்றே ஏற்றுக்கொண்டிருக்கலாமே என்று அந்தத் தோழர் ஏங்கியதாகப் புகாரியில் காண்கிறோம். அவ்வளவு பெரிய மனவலிமை உடையவருக்கே அப்படியென்றால், நாம் எம்மட்டு? அல்லாஹ்வுக்கு மிக விருப்பமான அமல், குறைவாயினும் விடாது செய்யப்படுவதே என்று ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக வரும் செய்தியும் இங்கே நினைவுகூரத் தக்கது.

இக்காலத்து ஆய்வும் இதையே ஒட்டிப் போகிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் 96 பேரைக் கொண்டு நடத்தி, 2010இல் அச்சான ஆய்வில், ஒரு சிறு செயல் தானாக நடக்கும் வழக்கமாக மாறுவதற்கு ஆளுக்கேற்ப 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகலாம் என்று கணித்தார்கள். இடையில் ஒருநாள் விட்டுப்போனதால் பெரிய கேடு ஒன்றும் நேரவில்லை என்றும் கண்டார்கள். ஆகவே நான்காம் நாள் விட்டவர் ஐந்தாம் நாள் தொடரலாம். பத்தைப் பிடித்துப் பத்தையும் விடுவதைவிட இரண்டைப் பிடித்து நிற்பது மேல். தவறிய நாளுக்கு வருந்துவது நல்லது. அவ்வருத்தத்தால் மறுநாளையும் இழப்பது நஷ்டத்தின்மேல் நஷ்டம்.

எங்கள் நாள் எங்கள் கையில் இல்லையே?

இது நம் சகோதரிகள் கேட்கும் கேள்வி; மிக நியாயமான கேள்வி. அடுப்பில் உலை கொதிக்கும்போது குழந்தை அழுகிறது. குழந்தையைத் தூக்கும்போது வாசலில் ஆள் வருகிறது. மாமியாருக்கு மருந்து கொடுக்க வேண்டிய நேரத்தில் வெளிநாட்டிலிருந்து கணவரின் அழைப்பு வருகிறது. 25 நிமிடம் தொடர்ந்து ஒரே வேலையில் அமர்வது இவர்களுக்கு எங்கே வாய்க்கும்?

முன்பு சொன்ன ஃப்ராங்க்ளினே இதை ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார். பதின்மூன்று குணங்களில் அவரைப் பெரிதும் வருத்தியது ஒழுங்கு என்ற குணம்தான். கூலிக்கு வேலை செய்யும் அச்சுத் தொழிலாளிக்கு அத்தகைய அட்டவணை ஒத்துவரலாம். பலரோடு பழகி, வருகிறவர்களை அவரவர் வரும் நேரத்தில் வரவேற்க வேண்டிய அச்சுக்கூட முதலாளியால் அதை அப்படியே காப்பாற்ற முடியாது என்பது அவர் கண்ட அனுபவம். அட்டவணை வகுத்தவரே தம் நாள் முழுவதும் தம் கையில் இல்லை என்று அறிந்திருந்தார்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இதற்கு ஒரு தெளிவு தருகிறார்கள். எல்லா மனிதருக்கும் ஒரே அட்டவணை பொருந்தாது என்று கூறி, வணக்கத்திலேயே மூழ்கியவர், ஆலிம், மாணவர், தொழில் செய்பவர், ஆட்சிப் பொறுப்பில் இருப்பவர், இறைநினைவில் தன்னை மறந்தவர் என ஆறு வகையாகப் பிரிக்கிறார்கள். குடும்பத்துக்காக உழைக்கும் தொழிலாளி, பிள்ளைகுட்டிகளைப் பட்டினி போட்டுவிட்டு நேரமெல்லாம் வணக்கத்தில் கழிக்கக் கூடாது. தொழில் நேரத்தில் கடைத்தெருவில் இருந்து சம்பாதிப்பதே அவனுக்குரிய விர்து என்பது அவர்கள் கருத்து. நாம் அந்த வழியில் நின்று மேலும் ஓர் அடி வைத்துச் சொல்கிறோம்: முதியவருக்கு மருந்து கொடுக்கும் நேரமும், அழும் பிள்ளையைத் தேற்றும் நேரமும் அந்தச் சகோதரியின் பட்டியலைக் கெடுத்தவை ஆகமாட்டா. அவையே அவருடைய பட்டியல். நல்ல நிய்யத்தோடு செய்யப்படுமானால் அவற்றில் ஒன்றும் வீணில்லை.

இங்கே ஆண்களும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். ஒருவர் தம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் இடையூறின்றி வேலை பார்க்கிறார் என்றால், அந்த இரண்டு மணி நேரமும் வாசற்கதவைத் திறந்தவர் யார்? தொலைபேசியை எடுத்தவர் யார்? குழந்தை அந்தப் பக்கம் போகாமல் பிடித்து வைத்தவர் யார்? நம்முடைய ஒழுங்கு பல வேளைகளில் பிறருடைய ஒழுங்கின்மையை விலையாகக் கொடுத்து வாங்கப்படுகிறது. அதை அறியாமல் 'எனக்கு நேரத்தின் அருமை தெரியும், என் மனைவிக்குத் தெரியவில்லை' என்று பேசுவது அநீதியாகும். ஒரு வீட்டில் ஒருவர் இத்தகைய முறையைத் தொடங்குவதாயிருந்தால் வீட்டாரோடு கலந்து பேசித் தொடங்கட்டும். அவர் கதவைச் சாத்தும் நேரம் ஒன்று இருந்தால், அவர் மனைவி நிம்மதியாக உட்கார்ந்து ஓத ஒரு நேரமும், அந்நேரத்தில் பிள்ளைகளைக் கவனிக்கும் பொறுப்பு அவருக்கும் இருக்கட்டும்.

வருகிறவர் இடையூறா?

இனி, தொடக்கத்தில் அந்த மகன் கேட்ட கேள்விக்கு வருவோம். இப்புதிய முறைகளில் 'இடையூறு' என்ற சொல் அடிக்கடி வரும். எழுதி வைத்த வேலைக்கு நடுவே எது வந்தாலும் அது இடையூறு. கைப்பேசியின் மணியும் இடையூறு; உம்மாவின் குரலும் இடையூறு. பட்டியலுக்கு இரண்டும் ஒன்றே. மனிதனுக்கு இரண்டும் ஒன்றாகலாமா?

தொழுகையைவிட உயர்ந்த வேலை ஒரு முஸ்லிமுக்கு இல்லை. அத்தொழுகையை நீட்ட எண்ணி நிற்கும்போது, பின்னால் ஒரு குழந்தை அழும் குரல் கேட்டால், அதன் தாய் வருந்துவாளே என்று தொழுகையைச் சுருக்கிவிடுவதாக நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். அல்லாஹ்வின் முன்னிலையில் நிற்கும் நேரத்திலும் ஒரு தாயின் தவிப்புக்கு இடமிருந்தது. தொழுகை விடப்படவில்லை, சுருக்கப்பட்டது. இவ்வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

குறைஷித் தலைவர்களிடம் நாயகம் (ஸல்) அவர்கள் சன்மார்க்கத்தை எடுத்துரைத்துக்கொண்டிருந்த வேளையில், கண் பார்வையற்ற தோழர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் இடையே வந்து, தமக்குக் கற்பிக்கும்படி கேட்ட நிகழ்ச்சியும், அதுபற்றி அபஸ என்ற 80ஆம் அத்தியாயத்தின் முதல் வசனங்கள் அருளப்பெற்றதும் நாம் ஓதி வருவதே. தலைவர்கள் திருந்தினால் ஊரே திருந்துமே என்ற நல்லெண்ணத்தில் நடந்த பேச்சு அது. எந்தக் கணக்கில் பார்த்தாலும் அந்நேரத்தில் பெரிய வேலை அதுதான். அப்படியிருந்தும், தேடி வந்த எளியவரைக் கவனிக்கும்படி இறைவன் உணர்த்தினான். பிற்காலத்தில் அந்தத் தோழர் மதீனாவில் பாங்கு சொல்லும் பேற்றையும் பெற்றார்கள்.

முற்கால வணக்கசாலி ஜுரைஜின் செய்தியும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. அவர் தொழுதுகொண்டிருக்கையில் தாய் வந்து அழைத்தார். என் தாயா, என் தொழுகையா என்று தயங்கிய அவர் தொழுகையையே தொடர்ந்தார். மனம் நொந்த தாயின் துஆ அவரைப் பெரும் சோதனையில் கொண்டுபோய்விட்டது. பின்னர் அல்லாஹ் அவரைக் காப்பாற்றினான். அவர் தொழுதது உபரித் தொழுகை என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். உபரித் தொழுகைக்கே இந்நிலையென்றால், மேற்படிப்புக் குறிப்பேட்டுக்கு உம்மாவைக் காக்க வைத்தது எப்படி?

இவ்விடத்தில் மறுதரப்பையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. "கூப்பிடுகிறவர் எல்லாருக்கும் எழுந்து போனால் எந்த வேலையும் முடியாது. பரீட்சைக்குப் படிக்கும் மாணவன், அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர், சம்பளத்துக்கு நேரத்தை ஒப்படைத்த ஊழியர் இவர்கள் என்ன செய்வது?" என்று கேட்கலாம். சரியான கேள்வி. ஊழியரின் அலுவல் நேரம் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதை அரட்டைக்குக் கொடுக்க அவருக்கு உரிமையில்லை. தந்தை உழைத்து அனுப்பும் பணத்தில் படிக்கும் பிள்ளையின் நேரத்தில் அந்தத் தந்தைக்கும் பங்குண்டு. ஆகவே வருகிற எல்லாவற்றுக்கும் வழிவிடுவது சரியன்று. எதற்கும் வழிவிடாமல் இருப்பதும் சரியன்று.

அளவுகோல் எங்கே இருக்கிறது? ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்கள் தம் சகோதரர் அபுத்தர்தாவை (ரலி) பார்க்க அவர் வீட்டுக்குப் போனார்கள். அபுத்தர்தா பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் வணக்கம் என்றிருந்தார். அவருடைய மனைவியோ தம்மைப் பேணிக்கொள்ளாமல் பழந்துணியில் இருந்தார். ஸல்மான் அவர்கள் அவரை உண்ண வைத்தார்கள்; இரவில் எழப்போனவரை உறங்கச் சொன்னார்கள்; கடைசி இரவில் எழுப்பி இருவரும் தொழுதார்கள். பிறகு, இறைவனுக்கும், உம் உடலுக்கும், உம் குடும்பத்துக்கும் உம்மீது ஹக்கு உண்டு. உரியவருக்கு உரியதைக் கொடும் என்ற பொருளில் உபதேசித்தார்கள். நபி (ஸல்) அவர்கள் இதைக் கேட்டு, ஸல்மான் உண்மை சொன்னார் என்று ஒப்பினார்கள். முன்பு கூறிய அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களிடமும், தேடி வரும் விருந்தாளிக்கும் உம்மீது ஹக்கு உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

ஸல்மான் அவர்கள் அபுத்தர்தாவின் வணக்கத்தை நிறுத்தவில்லை என்பதைப் பாருங்கள். அதற்கும் நேரம் குறித்துக் கொடுத்தார்கள். அவர்கள் செய்ததும் ஒரு நேர ஒழுங்குதான். ஆனால் அவ்வொழுங்கு வேலைகளை எண்ணிப் பங்கிடவில்லை. ஹக்குதாரர்களை எண்ணிப் பங்கிட்டது. இதுவே நாம் அந்த மகனுக்குச் சொன்ன பதில். அவர் வேலைகளை ஒன்றும் விடாமல் எழுதினார். ஹக்குதாரர்களை எழுத மறந்தார்.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒரு வழி கிடைக்கிறது. இடையே ஒருவர் வரும்போது இரண்டு கேள்விகள் போதும்: இவருக்கு என்மீது ஹக்கு உண்டா? இப்போது கொடுக்காவிட்டால் அது பாழாகுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் எழுந்துவிட வேண்டும். ஹக்கு உண்டு, ஆனால் காத்திருக்கலாம் என்றால், "என்ன விஷயம் உம்மா, அவசரமா?" என்று ஒரு வார்த்தை கேட்ட பிறகே நேரம் குறிக்க வேண்டும். அந்த மகன் கேட்காமல் விட்டது இந்த ஒரு வார்த்தைதான்; கேட்டிருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும். இரண்டும் இல்லை என்றால், அது கைப்பேசியின் வெற்று மணியாகவோ வீண் பேச்சாகவோ இருந்தால், கூச்சமின்றித் தள்ளிவிடலாம்.

அமல்களுக்குக் கோடு போடலாமா?

ஓதிய பக்கங்களையும் ஸலவாத்தையும் செயலியில் குறித்து வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். தன்னைத் தூண்டிக்கொள்ளவும், விட்டதை அறிந்து நிறைவு செய்யவும் குறிப்பதில் தவறு காணோம். இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று, அக்கணக்கைப் பிறருக்குக் காட்டுவது. இத்தனை நாள் விடாமல் ஓதினேன் என்று பலர் பார்க்கும்படி அனுப்பும் வசதி இன்று கைப்பேசியிலேயே இருக்கிறது. ரியா நுழைய அதைவிட அகன்ற வாசல் வேண்டியதில்லை. மற்றொன்று, கோடு போடுவதற்காகவே ஓதுவது. பக்கம் முடிந்தது, பொருள் நெஞ்சில் தங்கவில்லை என்றால் அக்கோடு எதைக் காட்டுகிறது? எண்ணிக்கை நமக்கு; ஏற்பது அல்லாஹ்வுக்கு. நாம் எழுதும் ஏட்டைத் தவிர, நம் தோள்களின் மலக்குகள் எழுதும் ஏடு ஒன்று உண்டு என்ற நினைவு இருந்தால் போதும்.

முடிவாக

அல் அஸ்ரு என்ற 103ஆம் அத்தியாயத்துக்கு மூன்றே வசனங்கள். காலத்தின்மீது ஆணையிட்டு, மனிதன் நஷ்டத்தில் இருக்கிறான் என்று எச்சரித்த இறைவன், அதிலிருந்து தப்பியவர்களையும் எடுத்துக் கூறுகிறான்: ஈமான் கொண்டோர், நற்செயல் புரிந்தோர், ஒருவருக்கொருவர் சத்தியத்தையும் பொறுமையையும் உபதேசித்தோர். இந்நான்கில் பின்னிரண்டையும் தனியே அறையில் அமர்ந்து செய்ய முடியாது. மற்றொரு மனிதர் வேண்டும். கதவைச் சாத்தி முழு நாளையும் லாபமாக்கிவிடலாம் என்று எண்ணுகிறவர் இதைச் சிந்திக்கட்டும்.

ஆகவே குறிப்பேடு வாங்குங்கள், எழுதுங்கள். தொழுகை வக்துகளை முதலில் எழுதுங்கள். மற்ற வேலைகள் அவற்றுக்கு இடையில் அமையட்டும். பிறகு வேலைகளை எழுதுமுன் உங்கள் ஹக்குதாரர்களின் பெயர்களை எழுதுங்கள்: பெற்றோர், மனைவி மக்கள், அண்டை வீட்டார், சம்பளம் தருபவர், கடன் தந்தவர், உங்கள் உடல். எழுதியதைக் குறைத்து எழுதி, கொஞ்சம் வெற்றிடம் விடுங்கள். இரவில் எத்தனை வேலை முடிந்தது என்று எண்ணிய பிறகு, இன்று யாருடைய ஹக்கு என்னிடம் நின்றுவிட்டது என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

அந்த மகன் தம் பட்டியலைக் கைவிடவில்லை. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் மட்டும் எதையும் எழுதாமல் விட்டிருக்கிறார். அந்நேரத்தில் உம்மாவின் பக்கத்தில் போய் உட்காருகிறார். சில நாள் பேச்சு இருக்கிறது. சில நாள் உம்மா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு சும்மா இருக்கிறார், இவரும் சும்மா இருக்கிறார். மாத்திரை வேளைக்குச் சாப்பிட்டாரா என்பது இப்போது பக்கத்து வீட்டு ராத்தா சொல்லாமலே மகனுக்குத் தெரிகிறது.

நமக்கு அளித்த நாட்களை உரியவர்க்கு உரியபடி செலவிட அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! நம் நேரங்களில் பரக்கத் அருள்வானாக! ஆமீன்.